மலைப்பாதையும் சுரங்கப்பாதையும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் பொழுது பனிமூட்டத்தோடு விடியும். தானா ராத்தா நகரம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடக்கின்றன. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளைத் திருத்திய உழைப்பில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் பங்கு பெரிது. அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இம்மலையில் வாழ்கின்றனர்.

தேயிலைத் தோட்டத்தில் நேரத்திற்குத் தனி மதிப்பு உண்டு. பறித்த கொழுந்தை அன்றைக்கே ஆலையில் சேர்த்தாக வேண்டும். செடியிலிருந்து பிரிந்த பின்னரும் கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைச் சாக்கில் திணித்து நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளே சூடேறும். இலை சிவந்து பாழாகும். வாட வைத்தல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என ஆலையில் நடக்கும் வேலைகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. கொழுந்து ஏற்றிய லோரி ஒரு மணி நேரம் தாமதித்தால், அந்தத் தாமதம் ஆலையின் கடைசி வேலை வரை தொடரும்.

மலைச்சாலையோ எப்போதும் சொன்ன சொல் காப்பதில்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது. கனமழை பெய்தால் மண் சரியும், மரம் சாயும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுப்பயணிகளின் வாகனங்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஆகவே, தோட்டத்து மக்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டுள்ளனர். புறப்படுமுன் சாலை நிலவரத்தை விசாரித்துக்கொள்வார்கள். தாப்பா வழி அடைபட்டால் சிம்பாங் பூலாய் வழியாகவோ சுங்கை கோயான் வழியாகவோ இறங்குவார்கள். முக்கியமான வேலையாக இருந்தால் முன்கூட்டியே கிளம்பிவிடுவார்கள். இம்மூன்று பழக்கங்களும் மலையில் மட்டுமல்ல, மாநகரின் நிலத்தடி இரயிலிலும் கைகொடுக்கும்.

நகருக்குச் செல்லும் மாணவி

ரிங்லெட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கோலாலம்பூரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் காலை 10.00 மணிக்கு அவளுக்கு நேர்காணல். தாய் கொழுந்து பறிப்பவர். நேர்காணலுக்கு முந்தைய நாளே மகளை அனுப்பிவிட வேண்டும் என்பது தாயின் எண்ணம்.

“மழைக்காலம்மா. எங்கேயாவது மண் சரிஞ்சா பேருந்து நின்னுடும். நாளைக்கே கிளம்பிப் போய்ச் சித்தி வீட்டில் தங்கிக்கோ” என்கிறார் தாய்.

“மலை இறங்குற வரைக்கும்தான்மா அந்தப் பயமெல்லாம். அங்கே இரயில் நிமிடத்துக்கு ஒன்னு வரும். சாலை நெரிசலும் கிடையாது, மண்சரிவும் கிடையாது” என்கிறாள் மகள்.

“இரயிலும் மனுசன் செஞ்சதுதானே? காலையிலும் நேரத்தோடயே கிளம்பு” என்று தாய் பேச்சை முடித்துவிடுகிறார்.

மகள் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சாலை நெரிசலிலிருந்து மக்களைக் காக்கவே மாநகரங்கள் நிலத்தைக் குடைந்து இரயில் விட்டன. உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் இலண்டனில் ஓடத் தொடங்கியது. மலேசியாவில் கெளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தின் முதல் பகுதி 1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் ஆகிய ஐந்து நிலையங்களைக் கொண்ட நிலத்தடிப் பகுதி 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேவைக்கு வந்தது. பின்னர் எம்.ஆர்.டி. காஜாங் தடம் 2017ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. அதில் மியூசியம் நெகாரா முதல் மாலூரி வரை ஏழு நிலையங்கள் நிலத்தடியில் உள்ளன. இத்தகைய இரயில் மழையைப் பொருட்படுத்தாது. சாலைச் சந்திப்பில் காத்து நிற்காது. ஆயினும், தாயின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நிலத்தடி இரயிலும் தாமதிக்கும்.

தாமதம் எப்படிப் பெருகுகிறது?

கெளானா ஜெயா தடத்தின் இரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் கணினியின் கட்டுப்பாட்டில் இயங்குபவை. ஒவ்வோர் இரயிலும் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பு இடைவிடாமல் கணித்துக்கொண்டே இருக்கும். முன்னே செல்லும் இரயிலுக்கும் பின்னே வரும் இரயிலுக்கும் இடையில் பாதுகாப்பான தூரத்தை அது காக்கிறது. இதனால்தான் இரயில்களைச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து விட முடிகிறது.

இந்த நெருக்கமே தாமதத்தின் போது சிக்கலாகவும் மாறுகிறது. சாலையில் ஒரு வாகனம் பழுதானால் மற்றவை விலகிச் செல்லலாம். சுரங்கத்தில் ஒரு திசைக்கு ஒரு தண்டவாளமே உண்டு. முன்னே ஓர் இரயில் நின்றால் பின்னே வரும் இரயில்கள் அனைத்தும் நிற்க வேண்டியதுதான். இயன்றவரை அவற்றை நிலையங்களிலேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள்.

சிறு கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். ஒரு நிலையத்திற்கு நிமிடத்திற்கு 40 பயணிகள் வருவதாக வைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடத்திற்கு ஓர் இரயில் வந்தால் ஒவ்வொரு முறையும் 120 பேர் ஏற வேண்டியிருக்கும். இரயில் 12 நிமிடம் கழித்து வந்தால் மேடையில் 480 பேர் காத்திருப்பர். அத்தனை பேரும் முண்டியடித்து ஏறும்போது கதவுகள் மூட நேரமாகும். அதனால் இரயில் அந்நிலையத்தில் மேலும் தாமதிக்கும். அடுத்த நிலையத்தில் கூட்டம் இன்னும் பெருகியிருக்கும். பழுது சரிசெய்யப்பட்ட பின்னரும் சேவை உடனே சீராகாததற்கு இதுவே காரணம். தாமதித்து வந்த லோரிகள் ஒரே நேரத்தில் ஆலை வாசலில் வரிசை கட்டி நின்றால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது.

நின்றுபோன இரயிலைக் கண்டு பயணிகள் எரிச்சலடைவது இயல்பு. ஆனால், நிற்பதே சில வேளைகளில் உயிரைக் காக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் இரவு, கே.எல்.சி.சி. நிலையத்திற்கு அருகே சுரங்கத்துக்குள் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அவற்றில் ஒன்று பயணிகள் இல்லாமல் ஓட்டுநரால் இயக்கப்பட்டது. மற்றொன்றில் பயணிகள் இருந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். முன்னே வழி சரியாக உள்ளதா என்று உறுதி செய்யாமல் ஓர் இரயிலும் நகரக்கூடாது என்பதை அவ்விபத்து உணர்த்தியது. ஆகவே, ஐயம் எழும்போது இரயிலை நிறுத்தி வைப்பதைக் குறையாகக் கருதக்கூடாது. அது பாதுகாப்பு முறையின் ஒரு பகுதியாகும்.

ஒரு நவம்பர் மாதத்தின் பாடம்

சில நிமிடத் தாமதம் ஒரு வகை. சில நாள் தடை வேறு வகை. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கெளானா ஜெயா தடத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. நவம்பர் 9ஆம் நாள் முதல் கெளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரையிலான 16 நிலையங்களில் சேவை நிறுத்தப்பட்டது. நகரின் நடுப்பகுதியைக் கடக்கும் தடம் அது. வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் செல்வோர் அன்றாடம் நம்பியிருந்த வழி திடீரென அடைபட்டது.

மூடப்பட்ட நிலையங்களுக்கு இடையே இலவசப் பேருந்துகள் விடப்பட்டன. ஆனால், ஓர் இரயிலில் செல்லும் கூட்டத்தை ஏற்றப் பல பேருந்துகள் வேண்டும். அந்தப் பேருந்துகளும் நெரிசல் மிகுந்த சாலையில்தான் ஊர்ந்து செல்ல வேண்டும். சேவை ஏறக்குறைய ஒரு வாரத்திற்குத் தடைப்படும் என முதலில் அறிவிக்கப்பட்டது. பழுதுபார்ப்புப் பணிகள் முடிந்து, அறிவித்த நாளுக்கு முன்னதாகவே, நவம்பர் 14ஆம் நாள் இரயில்கள் மீண்டும் ஓடின.

எத்தனை நாள் தடை இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்ததால் பயணிகள் வேறு வழியைத் திட்டமிட முடிந்தது. “சற்று நேரத்தில் சரியாகும்” என்ற சொல்லை மட்டும் நம்பி மேடையில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. காத்திருப்பதா, வேறு வழியில் செல்வதா என்பதை முடிவு செய்யத் தகவல் தேவை. தகவல் இல்லாத பத்து நிமிடம், தகவல் உள்ள அரை மணி நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும்.

தாமதத்தின் சுமை யார்மீது?

தாமதம் எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தமக்கு விருப்பமான நேரத்தில் அலுவலகம் செல்லக்கூடியவருக்கு இருபது நிமிடத் தாமதம் சிறு தொல்லை. மணிக்கணக்கில் சம்பளம் பெறும் துப்புரவுத் தொழிலாளிக்கு அது கூலி இழப்பு. மருத்துவமனையில் முன்பதிவு பெற்ற முதியவருக்கு மற்றொரு நாள் அலைச்சல். தேர்வுக்கோ நேர்காணலுக்கோ செல்லும் மாணவருக்கு ஓராண்டு உழைப்பே கேள்விக்குறியாகலாம்.

தோட்டத்து மக்கள் இதை நன்கு அறிவார்கள். எடைக்கேற்பக் கூலி பெறுபவருக்குச் சாலை அடைபட்ட நாளும் மழை விடாத நாளும் வருமானத்தைக் குறைக்கும் நாள்கள். ஆகவே, தாமதத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு கடமைகளையும் சேர்த்தே பேச வேண்டும். பயணி தம் பங்கைச் செய்ய வேண்டும். இரயில் நிறுவனமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பயணி செய்யக்கூடியவை

முதலாவது, நேரத்தில் இடைவெளி விடுதல். வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கும் பயணத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்குவது பலரின் பழக்கம். அன்றாட வேலைக்கு அது போதலாம். திரும்பக் கிடைக்காத வாய்ப்புக்கு அது போதாது. இழப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு முன்னதாகப் புறப்பட வேண்டும்.

இரண்டாவது, மாற்றுவழியை முன்பே அறிந்து வைத்தல். எடுத்துக்காட்டாக, எல்.ஆர்.டி. பிளாசா ராக்யாட் நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. மெர்டேக்கா நிலையத்திற்கு நடந்தே செல்லலாம். மியூசியம் நெகாரா நிலையம் கே.எல். சென்ட்ரல் நிலையத்துடன் நடைபாதையால் இணைக்கப்பட்டுள்ளது. எனவே, ஒரு தடம் முடங்கினாலும் மற்றொரு தடத்தின் வழியாக நகரின் நடுப்பகுதியைக் கடக்கலாம். இதைப் புறப்படுமுன் வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது எளிது. கூட்டத்தின் நடுவே, கைப்பேசியின் மின்கலம் தீரும் வேளையில் தேடுவது கடினம்.

மூன்றாவது, தகவலைச் சரிபார்த்தல். நிலைய அறிவிப்பையும் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் சமூக ஊடகப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியை நம்பி வழியை மாற்றுவது மேலும் அலைச்சலைத் தரலாம். தாமதம் உறுதியானதும், காத்திருப்பவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பத்து மணிக்குச் சந்திக்க வேண்டியவரிடம் ஒன்பதரைக்கே சொல்வது விளக்கம். பத்தரைக்குச் சொன்னால் அது சாக்குப்போக்கு போலாகிவிடும்.

நான்காவது, பாதுகாப்பு. இரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டால் உள்ளேயே அமைதியாக இருக்க வேண்டும். கதவைத் திறக்க முயலக்கூடாது. தண்டவாளத்தில் இறங்கக்கூடாது. தண்டவாளத்தை ஒட்டியுள்ள மின்தடத்தில் உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் பாய்கிறது. யாருக்கேனும் உடல்நலம் குன்றினால், பெட்டியிலுள்ள அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்திப் பணியாளரிடம் பேசலாம். பணியாளர் வழிகாட்டினால் மட்டுமே வெளியேற வேண்டும். முதியோர், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இருக்கையையும் இடத்தையும் விட்டுக்கொடுப்பது அவ்வேளையில் பேருதவியாகும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

நிறுவனம் செய்ய வேண்டியவை

பயணியின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அவர் கட்டணம் செலுத்திப் பயணம் செய்கிறார். இலண்டன் நிலத்தடி இரயிலில் நிறுவனத்தின் குறையால் 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் ஏற்பட்டால் பயணி கட்டணத்தைத் திரும்பக் கோரலாம். ஜப்பானில் இரயில் நிறுவனங்கள் தாமதச் சான்றிதழ் வழங்குகின்றன. அதைப் பள்ளியிலோ வேலையிடத்திலோ காட்டினால், தாமதம் தம் பிழையன்று என்பதைப் பயணி மெய்ப்பிக்கலாம். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15, 17 ஆகிய நாள்களில் எம்.ஆர்.டி. சேவை பெருமளவில் தடைப்பட்டது. அரசு விசாரணைக் குழுவை அமைத்துக் காரணத்தை வெளிப்படையாக ஆராய்ந்தது. இரயில் நிறுவனத்திற்கு 20 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது.

இந்நாடுகளிலும் இரயில்கள் தாமதிக்கவே செய்கின்றன. ஆனால், அங்கே தாமதத்தின் சுமை முழுவதும் பயணியின் தலையில் விழுவதில்லை. பராமரிப்பைக் காலத்தில் செய்வது, உண்மையை விரைந்து சொல்வது, மாற்றுப் பேருந்தை ஆயத்தமாக வைத்திருப்பது, இழப்புக்கு ஈடுசெய்வது ஆகியவை நல்ல நிறுவனத்தின் இலக்கணமாகும். இவற்றைக் கேட்டுப் பெறுவதும் குடிமக்களின் பொறுப்பே. கூச்சலிட்டு ஊழியரைத் திட்டுவதைவிட, நாளும் நேரமும் நிலையமும் குறித்து முறையாக எழுதப்படும் ஒரு முறையீடு பயன் தரும்.

சித்தி வீட்டிலிருந்து

நேர்காணல் நாளுக்குத் திரும்பலாம். பண்டார் தாசேக் செலாத்தானிலுள்ள சித்தி வீட்டிலிருந்து மாணவி காலை 7.00 மணிக்கே புறப்படுகிறாள். எல்.ஆர்.டி.யில் மஸ்ஜிட் ஜாமெக் வந்து, கெளானா ஜெயா தடத்திற்கு மாற நிலத்தடி மேடைக்கு இறங்குகிறாள். மேடை நிறையக் கூட்டம். சேவை தாமதம் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு உள்ளங்கை வியர்க்கிறது. “இரயில் நிமிடத்துக்கு ஒன்னு வரும்” என்று தான் சொன்னது நினைவுக்கு வருகிறது. கைப்பேசியில் நேரத்தைப் பார்க்கிறாள். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அருகிலிருந்த பணியாளரிடம் விசாரிக்கிறாள். அரை மணி நேரத்துக்கு மேலாகலாம் என்கிறார் அவர். அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. வந்த வழியே ஒரு நிலையம் திரும்பிப் பிளாசா ராக்யாட்டில் இறங்கி, மெர்டேக்கா நிலையத்திற்கு நடக்கிறாள். எம்.ஆர்.டி.யில் மியூசியம் நெகாரா சென்று, கே.எல். சென்ட்ரலிலிருந்து வாடகைக் காரில் ஏறுகிறாள். சாலையில் நெரிசல். ஆயினும், 9.20க்குப் பல்கலைக்கழக வாயிலில் இறங்கிவிடுகிறாள்.

அப்போது மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தாயிடமிருந்து அழைப்பு வருகிறது.

“போய்ச் சேர்ந்துட்டியாம்மா? இரயில் நேரத்துக்கு வந்துச்சா?”

“இரயில் வரலைம்மா. நான் நேரத்துக்கு வந்துட்டேன்.”

மறுமுனையில் தாய் சிரிக்கிறார். “சரி, தண்ணி குடிச்சிட்டு உள்ளே போ. இங்கே லோரி வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு, கூடையை எடைபோடுமிடத்திற்குத் தூக்கிச் செல்கிறார்.